மலிவு எலக்ட்ரிக் கிட்டாரை வீட்டிலேயே புதுப்பித்து நம் விருப்பப்படி மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வடிவக் கிட்டாருக்கானவை. ஃபெண்டர் நிறுவனம் 1954-இல் கொண்டுவந்த வடிவம் அது. இன்று கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் எலக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பகுதி அதன் நகல்தான். விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கையான நெக்கை நான்கு ஸ்க்ரூக்கள் பாடியோடு பிடித்திருக்கும். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்), சுவிட்ச், குமிழ்கள் எல்லாம் பிக்கார்டு என்கிற ஒரே பிளாஸ்டிக் தகட்டில் மாட்டியிருக்கும். ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் சால்டரிங் அயர்னும் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முழுக்கப் பிரித்துவிடலாம். நெக்கைப் பசையால் ஒட்டிய கிட்டார் என்றால் பெயிண்ட் வேலை இவ்வளவு எளிதல்ல.

என் கிட்டார் இந்த மெனக்கெடலுக்குத் தகுதியானதா?

பெயிண்டைப் பார்க்காதீர்கள், நெக்கைப் பாருங்கள். கிட்டாரைத் துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் பிடித்து, பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கமிருந்து நட் (நெக்கின் தலைமுனையில் கம்பிகள் பதியும் பட்டை) வரை நெக்கின் இரண்டு ஓரங்களிலும் கண்ணை ஓட்டுங்கள். இரண்டு ஓரங்களும் ஒரேமாதிரி வளைந்திருந்தால் பிரச்சினை இல்லை. நெக்கின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். ஒரு ஓரம் நேராகவும் மறு ஓரம் வளைந்தும் இருந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை வீட்டில் நிமிர்த்த முடியாது. ட்ரஸ் ராடின் முனையிலுள்ள திருகு நட்டைக் கால் சுற்று திருகிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் சுற்றினாலோ, இனி அசையாத அளவுக்கு ஏற்கெனவே இறுகியிருந்தாலோ அந்தக் கிட்டாருக்குப் பெயிண்ட் வாங்கும் பணத்தை வேறொரு கிட்டாரில் போடுங்கள்.

பாடி எந்த மரம் என்ற கவலை வேண்டாம். பாஸ்வுட்டோ பாப்லரோ பிளைவுட்டோ, ஒளிபுகா வண்ணம் அடிக்கப் போகிறீர்கள் என்றால் எல்லாம் ஒன்றுதான். பிளைவுட்டில் ஸ்க்ரூ பிடிப்பு மட்டும் சற்றுக் குறையும்.

எந்த வேலையை முதலில் செய்வது?

வண்ணம் கடைசி. பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்: பளபளவென்று பாலிஷ் முடித்த பாடியில் புது பிரிட்ஜை வைத்துப் பார்த்து, ஓட்டை பொருந்தவில்லை என்று அப்போதுதான் டிரில் எடுக்கிறார்கள். டிரில் பட்ட இடத்தில் புதுப் பெயிண்ட் சிப்பிச் சிப்பியாகப் பெயரும்.

முதலில் கிட்டாரை இருக்கிறபடியே செட்டப் செய்து (நெக் வளைவு, கம்பி உயரம், சுருதி ஆகியவற்றைச் சரிசெய்து) சில நாள் வாசியுங்கள். எது உண்மையில் தொந்தரவு தருகிறது என்று அப்போதுதான் தெரியும். பிறகு வாங்கிய பாகங்கள் அத்தனையையும் பழைய பெயிண்ட் மேலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். துளை, குழி தோண்டுதல், பழைய துளையை அடைத்தல் எல்லாம் முடிந்த பிறகுதான் உப்புத்தாளைத் தொட வேண்டும்.

“ஸ்ட்ராட்டுக்குப் பொருந்தும்” என்று போட்டிருந்தது, ஆனால் பொருந்தவில்லை. ஏன்?

அமெரிக்க அங்குல அளவும் ஆசிய மெட்ரிக் அளவும் கலந்து கிடப்பதுதான் காரணம். ஆர்டர் போடும் முன் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்து இவற்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜில் முதல் கம்பியின் மையத்திலிருந்து ஆறாம் கம்பியின் மையம் வரை உள்ள தூரம்: பழைய அமெரிக்க அளவில் சுமார் 56 மி.மீ., பல ஆசியத் தயாரிப்புகளில் 52 முதல் 52.5 மி.மீ. பிரிட்ஜைப் பாடியில் பிடிக்கும் ஆறு ஸ்க்ரூக்களின் இடைவெளியும் அதற்கேற்ப மாறும்.

பாடியின் தடிமன்: முழு அளவு 45 மி.மீ. அளவில் இருக்கும். மலிவு மாடல்கள் பல இதைவிட மெல்லியவை. அதில் முழு உயர ட்ரெமலோ பிளாக்கை (பிரிட்ஜுக்கு அடியில் ஸ்பிரிங்குகள் மாட்டும் உலோகக் கட்டி) மாட்டினால் அது முதுகுப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும்.

குமிழுக்கு அடியிலுள்ள பாட்: சின்ன மெட்ரிக் பாட்டுக்குப் பிக்கார்டில் 7 அல்லது 8 மி.மீ. துளை போதும்; பெரிய அமெரிக்க வகைக்கு 9.5 மி.மீ. வேண்டும். அதன் தண்டிலுள்ள பற்களும் வேறு. மெட்ரிக்கில் 18, அமெரிக்க வகையில் 24. பழைய குமிழைப் புதுத் தண்டில் அடித்து இறக்கினால் குமிழ் பிளக்கும்.

ட்யூனர் (சுருதி கூட்டும் திருகு): அடைப்பு வகைக்கு ஹெட்ஸ்டாக்கில் (நெக்கின் தலைப்பகுதியில்) 10 மி.மீ. துளை, பழைய பாணிக்கு அதைவிடச் சிறியது. பிக்கார்டில் 11 ஸ்க்ரூவா 8 ஸ்க்ரூவா என்று எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனாலும் மலிவு நகல்களில் துளைகள் இரண்டு மூன்று மி.மீ. விலகியிருப்பது சகஜம். பிக்கார்டை மட்டும், படத்தை நம்பாமல், பழையதைக் காகிதத்தில் வரைந்து அதோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

பிரிக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள். முக்கியமாக, ஒயர்களை அவிழ்க்கும் முன் சுவிட்சின் இரண்டு பக்கத்தையும் கிட்ட வைத்து எடுங்கள். ஸ்க்ரூக்களைப் பழைய முட்டை அட்டையில் குழிக்கு ஒரு வகையாகப் போட்டுப் பெயர் எழுதிவையுங்கள். பிக்கார்டு ஸ்க்ரூவும் ட்யூனர் ஸ்க்ரூவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் நீளம் வேறு.

முதுகுப் பக்கம் ஸ்பிரிங் மாட்டிய உலோகத் தகட்டில் ஒரு ஒயர் பற்றவைத்திருக்கும். கம்பிகளை எர்த்தோடு இணைப்பது அதுதான். அதை வெட்டாமல் சூடுபடுத்தி எடுங்கள். தடித்த உலோகம் என்பதால் 60 வாட் அயர்ன் வேண்டும்.

பழைய பெயிண்டை முழுக்க உரித்தாக வேண்டுமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மலிவு கிட்டார்களில் இருப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது பாலியுரீத்தேன் பூச்சு. தடிமனானது, கண்ணாடிபோலக் கெட்டியானது, சாதாரண பெயிண்ட் ரிமூவருக்கு எளிதில் அசையாதது. இப்படிப்பட்ட அடித்தளம் புதுப் பெயிண்டுக்குக் கிடைப்பது வரம். மரத்தின் துளைகள் ஏற்கெனவே அடைபட்டிருக்கின்றன, பரப்பு சமமாக இருக்கிறது. அதன் பளபளப்பை மட்டும் 320 நம்பர் தாளால் மங்கச் செய்தால் போதும். பளபளக்கும் புள்ளி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது; மிஞ்சிய இடத்தில் புதுப் பெயிண்ட் ஒட்டாது. பாடியின் மேல்பக்கம் நீட்டிய இரு கொம்புகளின் உட்பக்க வளைவில்தான் அது ஒளிந்துகொள்ளும்.

பெயிண்ட் பெயர்ந்து சிப்பு விழுந்த இடங்களில் கார் பெயிண்டர்கள் பயன்படுத்தும், ஹார்டனர் கலந்த பாலியெஸ்டர் பட்டியைப் பூசுங்கள். காய்ந்ததும் மரக்கட்டையில் சுற்றிய 240 நம்பர் தாளால் சமன் செய்து, 320-இல் முடியுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் பட்டியைச் சுற்றிப் பள்ளம் விழும். ப்ரைமர் வரை கண்ணுக்குத் தெரியாது. கிளியர் கோட் (மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு) அடித்த பின் வெளிச்சத்தில் பல்லிளிக்கும்.

மரத்தின் இயல்பான தோற்றம்தான் வேண்டும் என்றால்?

அப்போது உரித்தே ஆக வேண்டும். அதற்கு முன் உள்ளே என்ன மரம் என்று பாருங்கள். நெக் உட்காரும் குழியிலும் பிக்கார்டுக்கு அடியிலுள்ள குழியிலும் பெயிண்ட் சரியாகப் படியாத இடம் கொஞ்சம் இருக்கும். ஐந்தாறு துண்டுகளை ஒட்டிய பாடியா, பிளைவுட்டா என்று அங்கே தெரிந்துவிடும். ஒளிபுகா வண்ணத்துக்கென்று தயாரித்த பாடியில் அழகான ரேகைகள் இருப்பது அபூர்வம். பாஸ்வுட்டில் ரேகையே மங்கல். ஸ்டெயின் பூசினால் திட்டுத்திட்டாகக் குடிக்கும். பாப்லரில் பச்சைச் சாயல் வரும்.

உரிக்க ஹீட் கன்னும் முனை மழுங்கிய பட்டித் தகடும் போதும். ஓர் ஓரத்தில் தொடங்கி, பூச்சு இளகிக் குமிழிடும்போது தகட்டை அடியில் தள்ளுங்கள். ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தினால் மரம் கருகும், ஒட்டிய இணைப்புகள் விடும். மொட்டை மாடியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி போட்டுச் செய்யுங்கள். துணி மாஸ்க் தூசியையே சரியாகத் தடுக்காது, புகையைத் தடுக்கவே தடுக்காது.

வண்ணம் போனதும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் அடுத்த தவறு. அடியில் தேன் நிறத்தில் ஒரு சீலர் படலம் இருக்கும். பார்க்க மரம்போலவே தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: ஊறினால் மரம், முத்தாக நின்றால் இன்னும் சீலர். 80 நம்பரில் தொடங்கி 120, 180, 220 என்று ஏறுங்கள். ஓரங்களின் உருட்சியைக் கையால் மெதுவாகத் தேய்த்துக் காப்பாற்றுங்கள். வெற்று மரத்தில் பள்ளம் இருந்தால் ஈரத்துணியை வைத்து மேலே இஸ்திரிப்பெட்டியை ஒற்றுங்கள். நார் அறுபடாத பள்ளமாக இருந்தால் மேலே எழும்பும்.

முடிப்புக்கு எளிய வழி டங் ஆயில், அல்லது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. இரண்டையும் பஞ்சு பொதிந்த துணியால் மெல்லிய பூச்சுகளாக ஏற்றலாம். ஸ்ப்ரே தேவையில்லை, பூச்சு கெட்டால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூசலாம். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்துக் காயப்போட்டுப் பிறகு எறியுங்கள்.

எந்தப் பெயிண்ட் வாங்குவது?

பழைய ஃபெண்டர் வண்ணங்கள் பல கார் வண்ணங்கள்தான். புகழ்பெற்ற ஃபியஸ்டா ரெட், 1956-இல் ஃபோர்டு தண்டர்பேர்டு காருக்கு வந்த நிறம். ஆகவே பைக், கார் டச்-அப் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் ஸ்ப்ரே கேன் கிட்டாருக்கும் சரிவரும். சீக்கிரம் உலரும், ஒரு பூச்சு அடுத்ததோடு கரைந்து ஒன்றாகும். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரும் இதே குணம் கொண்டது.

கேட்டுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கும் சிந்தடிக் எனாமலை வாங்காதீர்கள். மாதக்கணக்கில் மெத்தென்று கிடக்கும், கை வைத்த இடத்தில் தடம் விழும். அதன்மேல் லாக்கர் பட்டால் சுருங்கித் தோல்போல் எழும்பும். ப்ரைமர், வண்ணம், கிளியர் மூன்றையும் ஒரே வகையில், முடிந்தால் ஒரே நிறுவனத்தில் வாங்குவது பாதுகாப்பு.

400 மி.லி. கேன் கணக்கில் ஒரு பாடிக்கு ப்ரைமர் 1, வண்ணம் 2, கிளியர் 3 வாங்குங்கள். கிளியர் பாதியில் தீர்ந்து போய் வேறு நிறுவனத்தின் கேனால் முடிப்பதுதான் பல நல்ல வேலைகளைக் கெடுத்திருக்கிறது.

ஹார்டனர் கலக்கும் டூ-கே கிளியர் இன்னும் உறுதியானதாமே?

உறுதியானதுதான். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அந்த நுண்துளி நுரையீரலுக்குள் போனால் நிரந்தர ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடலாம். ஆபத்தான அளவை மூக்கால் மோப்பம் பிடிக்கவும் முடியாது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி இல்லாமல் வீட்டில் இதை அடிக்க வேண்டாம். வண்ணம் வரை நீங்கள் முடித்து, கிளியருக்கு மட்டும் பக்கத்திலுள்ள டிங்கரிங் பெயிண்டிங் பட்டறையில் கொடுத்துவிடலாம். அங்கே கார் பானெட்டுக்கு அடிக்கும்போது இதையும் தொங்கவிட்டு அடித்துத் தருவார்கள். நெக் குழியை டேப் ஒட்டி மூடிக் கொடுங்கள்.

ஸ்ப்ரே அடிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

நெக் குழியில் ஒரு அடி நீளக் கட்டையை நெக்கின் துளைகள் வழியாகவே ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள், அதுதான் கைப்பிடி. குழியின் உட்சுவரையும் அடியையும் டேப்பால் மூடுங்கள். அங்கே பெயிண்ட் தடித்தால் நெக் உட்காராது. அழுத்தி உட்காரவைத்தால் குழியோரம் பெயிண்ட் வெடிக்கும், நெக்கின் கோணமும் மாறும்.

தூசியைத் தட்டி, நாப்தா அல்லது வேக்ஸ் ரிமூவர் தொட்ட துணியால் துடையுங்கள். அதன்பின் வெறுங்கையால் தொடாதீர்கள். தேங்காயெண்ணெய் தடவிய தலையைக் கோதிய விரல் ஒருமுறை பட்டாலும் அந்த இடத்தில் பெயிண்ட் வட்டமாக விலகி மீன்கண்போல் நிற்கும்.

கேனை, உள்ளே குண்டு ஆடத் தொடங்கியபின் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 25 செ.மீ. தூரம். பாடிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் வெளியே போய் விடுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூடட்டும். முதலில் பக்கவாட்டு ஓரங்கள், கொம்பு வளைவுகள், பிறகு முதுகு, கடைசியில் முகம்.

ப்ரைமர் மூன்று பூச்சு, ஒரு இரவு உலரவிட்டு 400 நம்பர் தாளால் லேசாகச் சமன். வண்ணம் மூன்று அல்லது நான்கு பூச்சு, இடையே 15 நிமிடம். முதல் பூச்சு மூட்டமாகத்தான் தெரியும். அடியில் ப்ரைமர் தெரிகிறதே என்று அதிலேயே மூட முயன்றால் வழியும். மெட்டாலிக் வண்ணத்தின் கடைசிப் பூச்சைத் தேய்க்காதீர்கள், தகதகப்பு கோடுகோடாகப் பிரிந்துவிடும். கிளியர் மொத்தம் எட்டுப் பூச்சு: ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். மேற்பரப்பு உலர்ந்து உள்ளே தின்னர் சிறைப்பட்டால் பிறகு குமிழும், சுருக்கமும், என்றைக்கும் கெட்டியாகாத பூச்சும்தான் மிஞ்சும்.

எந்தக் காலத்தில், எந்த நேரத்தில் அடிப்பது நல்லது?

கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கர் அடிக்கவே வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து பூச்சுக்குள் சிக்குகிறது. கிளியர் பால்போல் வெளுக்கிறது. வெளுத்துவிட்டால் பதற வேண்டாம். காய்ந்த வெயில் நாள் ஒன்றில் மெதுவாய் ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மெல்லிய தூவலாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சித்திரை வெயிலும் ஆகாது. துளி பரப்பைத் தொடும் முன்பே உலர்ந்து சொரசொரப்பாகப் படியும். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், நிழலில் அடியுங்கள். மாலை விளக்கொளியில் அடித்தால் பூச்சிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை ஈரத்தில் எடுக்காதீர்கள், உலர்ந்தபின் 1000 நம்பரால் தேய்த்தால் போய்விடும்.

வழிந்துவிட்டது, ஆரஞ்சுத் தோல்போல் மேடுபள்ளமாக ஆகிவிட்டது. என்ன செய்ய?

வழிந்ததைத் துடைக்காமல் அப்படியே விடுங்கள். இரண்டு நாள் கழித்து, மேட்டை மட்டும் பிளேடால் சீவி, கட்டையில் சுற்றிய 600 நம்பரால் சமன் செய்து அடுத்த பூச்சைத் தொடரலாம். ஆரஞ்சுத் தோல், அதிகத் தூரத்திலிருந்து அடித்ததாலோ கேன் குளிர்ந்து அழுத்தம் குறைந்ததாலோ வருவது. கேனைக் கைச்சூட்டு வெந்நீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பூச்சில் வந்த ஆரஞ்சுத் தோலைக் கடைசி மெருகில் எடுத்துவிடலாம்.

மீன்கண் வந்தால் மேலே மேலே அடிப்பது பயன் தராது. உலரவிட்டு, அடி வரை தேய்த்து, துடைத்து, மறுபடி தொடங்குங்கள்.

கோடு கோடான டிசைன் எப்படிப் போடுவது?

ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலனின் கோடு போட்ட கிட்டாரை நினைத்துத்தான் பலர் கேட்கிறார்கள். 50 டாலருக்கு வாங்கிய பாடியும் 80 டாலருக்கு வாங்கிய நெக்கும் சேர்த்து அவர் தானே இணைத்த கிட்டார் அது. கறுப்பின்மேல் டேப் ஒட்டி வெள்ளை அடித்தார். 1979-இல் மறுபடி டேப் ஒட்டிச் சிவப்பு அடித்தார். கடைசியில் தெரிய வேண்டிய மெல்லிய கோட்டின் நிறத்தை முதலில் அடிப்பதுதான் சூத்திரம்.

அடி வண்ணம் 24 மணி நேரம் உலர்ந்த பிறகே டேப். சாதாரணக் காகித டேப்பில் ஓரம் கசியும். கார் பெயிண்டர்களின் மெல்லிய பிளாஸ்டிக் டேப் வாங்குங்கள். ஒட்டியதும் ஓரங்களை நகத்தால் அழுத்தி, முதலில் அடி வண்ணத்தையே ஒரு தூவல் அடியுங்கள். கசிவதாக இருந்தால் அந்த நிறமே கசிந்து ஓரத்தை அடைத்துவிடும். அடுத்த வண்ணம் கையில் ஒட்டாத பதம் வந்ததும் டேப்பைத் தன்மேலேயே மடித்து மெதுவாக உரியுங்கள். முழுக்கக் காயவிட்டு உரித்தால் ஓரம் பிய்யும்.

எத்தனை நாள் காயவிட வேண்டும்?

அக்ரிலிக்கும் நைட்ரோவும் மூன்று முதல் நான்கு வாரம். மூக்கை அருகில் வைத்து முகருங்கள். தின்னர் வாடை வந்தால் இன்னும் ஆகவில்லை. இந்த நான்கு வாரத்தில் நெக்கையும் ஒயரிங்கையும் முடிக்கலாம்.

கண்ணாடிபோல் மெருகேற்றுவது?

800 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1000, 1500, 2000. தாளை முன்கூட்டியே ஊறவைத்து, தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். முதல் தாளிலேயே ஆரஞ்சுத் தோலின் பளபளப் புள்ளிகள் முழுக்க மறைய வேண்டும்; மீதித் தாள்கள் முந்தைய தாளின் கீறலை எடுக்க மட்டுமே. ஓரங்களை 1500-க்குக் கீழ் தொடாதீர்கள், கிளியர் அங்கேதான் மெல்லியது. பால்போன்ற கழுநீரில் வண்ணம் கலந்து வந்தால் உடனே நிறுத்துங்கள்: கிளியர் தீர்ந்துவிட்டது.

ஸ்க்ரூ துளைகளில் தண்ணீர் இறங்கினால் மரம் உப்பி, துளையைச் சுற்றிப் பூச்சு வெடிக்கும். எல்லாத் துளையிலும் மெழுகுவர்த்தி மெழுகைத் திணித்துவிட்டுத் தொடங்குங்கள். கடைசியில் கார் ரப்பிங் காம்பவுண்ட், மென்துணி.

பிக்கப் மாற்றினால் பெரிய வித்தியாசம் தெரியுமா?

தெரியும். ஆனால் முதலில் நட், ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்), செட்டப். சுருதி நிற்காத கிட்டாரில் நல்ல பிக்கப் மாட்டினால் அந்தக் குறை இன்னும் தெளிவாகக் கேட்கும்.

மாற்றுவது என்றால்: சிங்கிள் காயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்கப்) 250 கிலோ ஓம் பாட், ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) 500. டோன் கெப்பாசிட்டர் சிங்கிள் காயிலுக்கு 0.047 அல்லது 0.022 மைக்ரோ ஃபாரட், ஹம்பக்கருக்கு 0.022. சின்ன கெப்பாசிட்டரில் 473 என்றால் 0.047, 223 என்றால் 0.022.

40 வாட் அயர்ன், உள்ளே ரோசின் உள்ள 60/40 ஈயம். அமில ஃப்ளக்ஸ் ஒயரை அரிக்கும், தொடவே வேண்டாம். பாட்டின் முதுகில் பற்றவைக்கும் முன் அந்த இடத்தை உப்புத்தாளால் சுரண்டுங்கள். ஈயம் பரவி மினுங்க வேண்டும், மணிபோல் உருண்டு நின்றால் பிடிக்கவில்லை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கம்பி போடும் முன்பே ஆம்ப்ளிஃபயரில் செருகி, ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒவ்வொரு பிக்கப்பையும் லேசாகத் தட்டி, சுவிட்சின் ஐந்து நிலைகளையும் சோதியுங்கள்.

காப்பர் டேப் ஒட்டியும் உறுமல் போகவில்லை.

இரண்டு வகைச் சத்தம் உண்டு. கரகரப்பான, உயர்ந்த இரைச்சலைக் குழியிலும் பிக்கார்டின் பின்புறமும் ஒட்டி எர்த்தோடு சேர்த்த காப்பர் டேப் குறைக்கும். துண்டுகளுக்கு இடையே தொடர்ச்சி இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். சந்தேகமான சேர்ப்பில் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள். மின்மாற்றி, விளக்குகளிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் வேறு. அது காந்தப்புலத்தால் சுருளிலேயே எழுவது. காப்பர் தகடு அதைத் தடுக்காது. நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றி எதிர்க்காந்தம் வைத்ததாக இருந்தால், சுவிட்சின் 2, 4-ஆம் நிலைகளில் உறுமல் அடங்கும். மற்ற நிலைகளில் சிங்கிள் காயிலின் இயல்பு அதுதான்.

கம்பியைத் தொட்டதும் சத்தம் குறைந்தால் கிட்டாரின் எர்த் வேலை செய்கிறது. கையில் ஷாக் அடித்துச் சுர்ரென்று இழுத்தால் உடனே நிறுத்துங்கள். பல பழைய வீடுகளில் மூன்று முள் பிளக் பாயிண்டின் எர்த் எங்கும் இணைக்கப்படாமல் கிடக்கிறது. எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே மறுபடி வாசியுங்கள்.

ஃப்ரெட் நுனி கையைக் கீறுகிறது. நெக் ஒட்டுகிறது.

காற்று வறண்டால் ஃப்ரெட்போர்டு சுருங்கும், உலோகம் சுருங்காது. நுனி வெளியே நீட்டும். ஏ.சி. அறையில் வைத்த கிட்டார்களில் இது அதிகம். நுண் அரத்தைச் சாய்த்துப் பிடித்து, நுனிகளை மட்டும் தேய்த்து, 600 நம்பரில் முடியுங்கள். மரத்தில் படாமல் இருக்க டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒட்டும் பளபளப்பான நெக்கின் பின்புறத்தைச் சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட்டால் நீளவாக்கில் தேய்த்தால் வழுக்கும். ஸ்டீல் உல் வேண்டாம். அதன் இரும்புத் தூள் பிக்கப் காந்தத்தில் போய் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு.

மறுபடி பூட்டியபின் அளவுகள் என்ன?

லூசான துளையில் ஃபெவிகால் தொட்ட பல்குச்சிகளைத் திணித்து, உலர்ந்தபின் வெட்டுங்கள். ஸ்க்ரூக்களில் மெழுகு தடவி ஏற்றினால் புதுப் பூச்சு வெடிக்காது.

கம்பி ஏற்றிச் சுருதி கூட்டியபின், முதல் ஃப்ரெட்டையும் நெக் பாடியில் சேரும் இடத்து ஃப்ரெட்டையும் ஒருசேர அழுத்துங்கள். எட்டாவது ஃப்ரெட்டுக்கும் ஆறாம் கம்பிக்கும் நடுவே 0.25 மி.மீ. இடைவெளி வேண்டும். அதிகமென்றால் ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கிவிட்டுக் காத்திருந்து மறுபடி அளங்கள். 17-ஆவது ஃப்ரெட்டில் கம்பி உயரம் 1.6 மி.மீ. ட்ரெமலோ பிரிட்ஜின் பின்புறம் பாடியிலிருந்து 3 மி.மீ. எழும்பி நிற்கலாம், ஏற்ற இறக்கம் வேண்டாதவர்கள் ஸ்பிரிங்கை இறுக்கிப் பாடியோடு படியவிடலாம், சுருதி நன்றாக நிற்கும். கடைசி ஃப்ரெட்டை அழுத்தினால் கம்பிக்கும் சிங்கிள் காயில் முனைக்கும் இடையே தடித்த கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. இதைவிட நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்துச் சுருதியை அலைய வைக்கும்.

இறுதியாக, 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரம் அதே இடத்து ஹார்மானிக்கைவிட (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) ஏறியிருந்தால் சேடிலை (பிரிட்ஜில் அந்தக் கம்பி அமரும் சிறு துண்டு) பின்னுக்கு, இறங்கியிருந்தால் முன்னுக்கு நகர்த்துங்கள்.

ஹெட்ஸ்டாக்கில் பெரிய பிராண்டின் லோகோவை ஒட்டலாமா?

வேண்டாம். நாளை அது கைமாறினால், வாங்குபவரை ஏமாற்றியதாகும். உங்கள் பெயரையோ ஊர்ப் பெயரையோ டீகால் தாளில் அச்சிட்டு, கிளியருக்கு அடியில் வையுங்கள். இங்க்ஜெட் அச்சு என்றால் தண்ணீரில் நனைக்கும் முன் அதன்மேல் மூன்று மெல்லிய கிளியர் தூவல் அடித்து உலரவிட வேண்டும், இல்லாவிட்டால் மை கரைந்து ஓடும்.

புதுப் பூச்சை எப்படிப் பராமரிப்பது?

முதல் சில மாதம் ரப்பர் பதித்த ஸ்டாண்டில் சாத்தாதீர்கள், வினைல் ஸ்ட்ராப்பை மாட்டியபடி பைக்குள் பூட்டியும் வைக்காதீர்கள். ரப்பரிலும் வினைலிலும் உள்ள எண்ணெய்ப் பொருள் லாக்கரை இளக்கிக் கறையாக்கும். நைட்ரோவுக்கு எத்தனை வருடம் ஆனாலும் இந்த ஆபத்து உண்டு. ஸ்டாண்டின் கைகளில் பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள். வாசித்து முடித்ததும் வியர்வையை உலர்துணியால் துடையுங்கள். சிலிக்கோன் கலந்த கார் பாலிஷ் தொடக்கூடாது. பிறகு ஒரு சிப்பு விழுந்து அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் தொட நினைத்தால் மீன்கண்தான் வரும்.